எடுத்து வளர்க்கிற பிள்ளைக்கு எப்போது சொல்வது? யாருக்கெல்லாம் சொல்வது?

கேள்வி, 2023 ஜூன் 3

நாங்கள் மட்டக்களப்பு. கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. போன வருடம் ஒரு ஆண் பிள்ளையைச் சட்டப்படி எடுத்தோம், இப்போது இரண்டு வயது முடிகிறது. பிள்ளைக்கு இதை ஒருநாளும் சொல்லக்கூடாது, தெரிந்தால் மனம் விட்டுப்போகும் என்கிறா மாமி. 18 வயதில் சொல்லலாம் என்கிறார் கணவர். ஊரில் அரைவாசிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். கோயிலில் ஒருவர் குலம் விசாரிக்கிற மாதிரி "இவன் எந்தக் குடி?" என்றும் கேட்டுவிட்டார். பெற்ற பிள்ளையையும் எடுத்த பிள்ளையையும் சேர்த்து வளர்க்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில், 2023 ஜூன் 4, இரவு

18 வயது வரை காத்திருக்க வேண்டாம். ஐந்து வயது வரைகூட வேண்டாம். ஊரில் அரைவாசிப் பேருக்குத் தெரிந்த சங்கதி பிள்ளையின் காதுக்கு மட்டும் வராமல் இருக்குமா? நீங்கள் சொல்லாவிட்டால் டியூஷன் வாசலிலோ செத்த வீட்டிலோ யாரோ ஒருவர் சொல்லத்தான் போகிறார். அவருக்கு வந்தபடி சொல்வார்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 13 வயது, பெற்ற பிள்ளை. நடுவிலாள் பதினொரு மாதத்தில் எங்களிடம் வந்தவள், இப்போது ஒன்பது. கடைக்குட்டிக்கு ஆறு, அவளும் பெற்ற பிள்ளை. மூத்தவனுக்குப் பிறகு எனக்கு இரண்டு தரம் கரு தங்கவில்லை. இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நடுவிலாளை எடுத்தோம். அவள் வந்த இரண்டாம் வருடம் கடைக்குட்டி பிறந்தாள். அவள் வந்த ராசி என்று ஊரே சொல்லும், நானும் அப்படித்தான் சொல்வேன்.

அவளுக்குப் பேச்சு வருவதற்கு முதலே "நீ வந்த கதை" என்று ஒன்றை இரவில் சொல்லத் தொடங்கினேன். மட்டக்களப்பில் இருந்து களுவாஞ்சிக்குடிக்கு வேனில் வருகிறோம். கல்லடிப் பாலத்தில் ஏறுகிறபோது அப்பாவின் புதுச் சட்டையில் சத்தி எடுக்கிறாள். வீட்டு வாசலில் அண்ணன் தன் உடைந்த லொறியை நீட்டிக்கொண்டு நிற்கிறான், அவள் அதை வாங்கி வாயில் வைக்கிறாள். இவ்வளவுதான் கதை. ஒரு சொல்லை மாற்றினாலும் எழும்பி உட்காருவாள்.

வெளியாட்களுக்கும் நாங்கள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. கேட்டவருக்கும் சொன்னோம், கேளாதவருக்கும் சொன்னோம். மறைத்தால்தானே குத்திக் கதைப்பார்கள் என்பது என் எண்ணம்.

இப்படி நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் தாய் தகப்பனை இழந்த நான்கு வயதுப் பையனை என் அம்மம்மா தூக்கி வந்து வளர்த்தா. கோடு (நீதிமன்றம்), கச்சேரி (அரசாங்க அலுவலகம்), பத்திரம் ஒன்றும் இல்லை. அவர்தான் என் மாமா, அம்மாவின் தம்பி. அம்மம்மா அவருக்கு எதையுமே சொல்லவில்லை. 17 வயதில் யாரோ குடித்துவிட்டு வந்து சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் என் பிள்ளைக்கு அப்படி நேரக்கூடாது என்று இருந்தேன்.

2023 ஜூன் 5

சட்டத்தைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். எங்களுக்கு நடந்த அளவில் சொல்கிறேன்.

இலங்கையில் பிள்ளை எடுப்பது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி. நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். எடுக்கிறவருக்கு 25 வயதுக்குக் குறையக்கூடாது, பிள்ளையைவிட 21 வயதாவது கூடியிருக்க வேண்டும். நெருங்கிய இரத்த உறவென்றால் இந்த வயதுக் கணக்கில் விலக்கு உண்டு. பிள்ளை 14 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். 10 வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் அதனுடைய சம்மதமும் தேவை. கட்டளை கிடைத்த பிறகு பதிவாளர் நாயகத்தின் பதிவேட்டில் ஏற்றித் தருகிற பத்திரத்தில் தாய் தகப்பன் என்ற இடத்தில் எங்கள் பெயர்தான் இருக்கும்.

அந்தப் பத்திரத்தில் ஆறேழு போட்டோக்கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் ஆண்டுக்குச் சேர்க்கப் போன இடத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற முப்பது பேருக்கும் கேட்க, "ஆ, இது எடுத்த பிள்ளையா?" என்றார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

2023 ஜூன் 11

குடி விசயம்.

எங்கள் ஊர்க் குளிர்த்தி (கண்ணகி அம்மன் கோயில் சடங்கு) முடிந்து வந்து எழுதுகிறேன், கண்ணெல்லாம் எரிகிறது. வெளியூரில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் குடி தாய் வழியாக வரும். முஸ்லிம்களிடமும் இது உண்டு. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை. கோயிலில் திருவிழா, பூசை, வரி எல்லாம் குடிக்குக் குடி பிரித்துத்தான் நடக்கும். உங்களிடம் கேட்டவர் கெட்ட மனதோடு கேட்டார் என்று நான் நினைக்கவில்லை. கோயில் கணக்கில் வரி எழுதுகிற பழக்கத்தில் கேட்டிருப்பார்.

எங்களிடமும் கேட்டார்கள். நடுவிலாளுக்கு மூன்று வயது இருக்கும், சடங்கு நேரம், வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) கொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "இந்தப் புள்ள எந்தக் குடி எண்டு எழுதிற?" என்று கேட்டார். நான் வாயடைத்து நின்றேன். என் கணவர் தம்பிலுவில்காரர், எங்கள் முறைப்படி கல்யாணம் முடித்து என் வீட்டுக்கு வந்தவர். அவர் சொன்னார்: "நான் இந்த வீட்டுக்கு வந்து பத்து வரியமாகுது. எனக்கே இந்தக் குடி இல்ல. என்ட மகனுக்கு இரிக்கு. அது எப்பிடி வந்த? தாய்ட பிள்ளை எண்டதால வந்த. இவளும் தாய்ட பிள்ளைதானே?"

வண்ணக்கர் ஒன்றும் பேசாமல் எழுதினார். என் குடியைத்தான் எழுதினார்.

ஆகவே உங்கள் மகனுக்கு உங்கள் குடி. வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

2023 ஜூன் 12

"அனுமதி தேவையில்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். எல்லாக் கோயிலிலும் அப்படி முடியாது. என் அம்மாவின் குடும்பத்தை அந்தக் கோயிலில் எல்லாருக்கும் தெரியும், அந்தப் பலம் எனக்கு இருந்தது. உங்களுக்கு அப்படி இல்லையென்றால் முதலில் உங்கள் தாய்மாமன்மாரோடு கதையுங்கள். கோயிலில் உங்களுக்காக வாய் திறக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

2023 ஜூன் 20

நான்காம் திகதி மாமாவைப் பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும்.

மருமகன் ஒருவன் என் குறிப்பை மாமாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேளாண்மை செய்துகொண்டு இருக்கிறார், போன் எடுப்பதே குறைவு. நேற்று அவரே எடுத்தார்.

"புள்ள, நீ எழுதின பிழை. எனக்கு எப்பவும் தெரியும்."

நான்கு வயதுப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காதா என்று கேட்டார். கூரைத் தகரம் பறந்த சத்தம் ஞாபகம் இருக்கிறதாம். தன் தாய் தன்னை நெல்லு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளிவிட்டு மேலே கவிழ்ந்து கிடந்தது ஞாபகம் இருக்கிறதாம். காலையில் ஊரில் ஒரு தென்னையும் நிற்கவில்லையாம். இதையெல்லாம் வாழ்நாளில் அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. குடித்துவிட்டு வந்து ஒருவர் சொன்னதும் நடந்ததுதான், ஆனால் அது அவருக்குப் புதுச் செய்தி இல்லை.

"அப்ப ஏன் மாமா தெரியாத மாதிரி இருந்தீங்க?"

"நான் மறந்திட்டன் எண்டு அம்மா நம்பிக்கொண்டிருந்தா. அந்த நம்பிக்கைதான் அவவுக்கு நிம்மதி. நான் என்னத்துக்கு அதைக் கெடுக்க?"

அம்மம்மா செத்து இருபது வருடத்துக்கு மேல். தாய் மகனிடம் ஒளித்தா என்று நாங்கள் இவ்வளவு காலமும் கதைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பையனல்லவா தாய்க்காக ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஆறு வயதில், எட்டு வயதில், தனியாக. எனக்கு இரவு நித்திரை வரவில்லை.

இன்னொன்றும் சொன்னார். 24 வயதில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசியிருக்கிறார்கள், அவருக்கும் பிடித்திருக்கிறது. பெண் வீட்டார் விசாரித்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே குடி, செய்ய ஏலாது என்று நிறுத்திவிட்டார்கள். இரத்தத்தில் ஒரு தொடர்பும் இல்லை, அது அவர்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் நிறுத்தினார்கள். "கவலையாத்தான் இரிந்த புள்ள. ஆனா அண்டைக்குத்தான் எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச, நான் அந்த வீட்டுப் பிள்ளைதான் எண்டு."

2023 ஆகஸ்ட் 2

சின்னச் சண்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடக்கும். போன கிழமை கிரிக்கெட் மட்டைக்காக மூத்தவனும் நடுவிலாளும் அடிபட்டு, கடைசியில் அவன், "நீ எங்கட அம்மாட பிள்ளை இல்ல" என்று சொல்லிவிட்டான். வீடு அமைதியாகிவிட்டது. நான் அகப்பையோடு வெளியே வந்தேன்.

அதற்குள் அவள் சொன்னாள்: "உன்னை அம்மாக்கு வேற வழியில்லாம வந்த. என்னைத்தான் தேடிப் போய் எடுத்த."

அவன் அழுதுவிட்டான். இரண்டு பேரையும் சமாதானப்படுத்த மத்தியானம் ஆனது. அவள் சொன்னது என் வாயில் இருந்து போன வசனம்தான். அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று சொல்லிக் கொடுத்தேன், அது அண்ணனைக் குத்தும் என்று யோசிக்கவில்லை. இனி அதைச் சொல்வதில்லை.

2023 செப்டெம்பர் 9

ஜூன் 4இல் எழுதியதில் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. கேள்வி கேட்டவர் தயவுசெய்து இதை வாசிக்க வேண்டும்.

நேற்று ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்கு எதிரே கணவரின் தூரத்து உறவு ஒருவர், நாங்கள் முன்பு கண்டதில்லை. "மூண்டு பிள்ளைகளா?" என்று கேட்டார். நான் வழக்கம்போல, "ஓம், நடுவிலாளை நாங்க எடுத்து வளர்க்கிற" என்றேன். அவர் உடனே, "புண்ணியம் புள்ள, பெரிய புண்ணியம்" என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் நடுவிலாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கூடுதலாக ஒரு கோழிக்கால் வைத்தார்கள்.

அவள் அதைத் தொடவில்லை.

வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. உடுப்பு மாற்றும்போது மெதுவாகக் கேட்டேன். "அந்த ஐயாக்கு ஏன்மா சொன்னீங்க?" என்றாள். மறைக்க இதில் என்ன இருக்கிறது, வெட்கப்பட ஒன்றும் இல்லையே என்று நான் என் வழக்கமான பாட்டைத் தொடங்கினேன். அவள் இடையில் மறித்தாள்.

"எனக்கு வெக்கம் இல்ல. அது என்ட கதை. நீங்க ஏன் எல்லாருக்கும் சொல்லித் திரியிறீங்க?"

ஒன்பது வயது.

நான் இரண்டு காரியத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறேன். பிள்ளைக்குச் சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. பிள்ளைக்கு முதல் நாளில் இருந்தே சொல்ல வேண்டும், அதில் நான் இன்றைக்கும் மாறவில்லை. ஊருக்கு நான் சொன்னதெல்லாம் யாருக்காக? குத்திக் கதைப்பார்கள் என்ற என் பயத்துக்காக. இன்னும் உள்ளே தோண்டினால், "புண்ணியம்" என்று கேட்கிறபோது எனக்குள் ஒரு குளிர்ச்சி இருந்ததும் உண்மை. அந்தப் புண்ணியத்துக்கு விலை கொடுத்தவள் அவள். எங்கே போனாலும் நான்கு பேர் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆகவே, உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததோடு நிற்கட்டும். புதிதாக யாருக்காவது சொல்வதா இல்லையா என்பதை அவன் வளர்ந்து தீர்மானிப்பான். டாக்டர், பள்ளிக்கூடம், கோடு, அங்கே தேவையானபோது மட்டும் சொல்லுங்கள்.

2023 செப்டெம்பர் 10

"வந்த ராசி" என்பதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நேற்றைக்குப் பிறகு அவளிடம், வேறு எதுவெல்லாம் பிடிக்கவில்லை என்று கேட்டேன். முதலில் சொன்னது இதைத்தான். தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தால், "என்ட ராசி முடிஞ்சு போச்சோ" என்று பயந்திருக்கிறாள். எத்தனை வருடமோ.

2023 அக்டோபர் 18

(இங்கே இருந்த குறிப்பை எடுத்துவிட்டேன். காரணம் கடைசியில்.)

2024 ஜனவரி 21

பள்ளிக்கூட வேலைகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நடுவிலாள் தரம் 2இல் படிக்கும்போது சுற்றாடல் பாடத்துக்குப் பிறந்தவுடன் எடுத்த படம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் இருப்பது பதினொரு மாதத்துப் படம்தான். வேறு குழந்தையின் படத்தைக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். நல்ல காலம், கிளினிக் புத்தகம் ஞாபகம் வந்தது. பிறந்த நாளில் இருந்து நிறை போட்டு வந்த கோடு அதில் இருக்கிறது. முதல் பதினொரு மாதமும் வேறு கையெழுத்து, பிறகு எங்கள் ஊர் மிட்வைப்பின் கையெழுத்து. அந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்து ஒட்டிக்கொண்டு போனாள். 2.4 கிலோவில் தொடங்குகிற கோடு. இப்போதும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள். யாரோ மாதம் தவறாமல் தன்னைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய காரியம். எடுக்கிறவர்கள் அந்தப் புத்தகத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், நான் வேலை செய்கிற இடத்தில் கல்முனையில் இருந்து வருகிற ராத்தா (முஸ்லிம் அக்கா) ஒருவர் தங்கையின் மகனை வளர்க்கிறா. தங்கை பிரசவத்தில் மௌத்தாகிவிட்டா. முன்பு ஒருமுறை, பையனின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரை மாற்ற மார்க்கத்தில் இடமில்லை என்றா. குர்ஆனில் 33ஆம் அத்தியாயத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது, வளர்க்கிற பிள்ளையை அதனுடைய தகப்பனின் பெயராலேயே கூப்பிட வேண்டும். வளர்ப்பதெல்லாம் இவர்கள், பெயர் மட்டும் வேறு ஒருவருடையதா என்று அப்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

கல்யாண வீட்டுக்குப் பிறகு திரும்பவும் அதைக் கதைத்தோம். தன் மகளுக்குப் பால் கொடுத்த நாட்களில் அவனுக்கும் கொடுத்தாவாம், அதனால் அவ பால்தாய், மகளும் அவனும் பால் குடித்த சகோதரர்கள், பிற்காலத்தில் ஒருவரையொருவர் முடிக்க ஏலாது. தங்கையின் பிள்ளை என்றபடியால் குடியும் அதே குடி. "பேர்லயே எல்லாம் இரிக்கு. அவனுக்கு ஒளிக்கிறதுக்கும் ஒண்டுமில்ல, திடீரெண்டு சொல்றதுக்கும் ஒண்டுமில்ல" என்றா. நான் எட்டு வருடம் இரவிரவாகக் கதை சொல்லிச் செய்ததை அவர்களுக்கு ஒரு பெயரே செய்துவிடுகிறது.

2024 மார்ச் 30

நடுவிலாளுக்கு 10 வயது. சட்டத்தில் 10 வயதுக்கு மேல் என்றால் பிள்ளையின் சம்மதம் கேட்பார்கள் என்று தகப்பன் சொல்லியிருக்கிறார். கேக் வெட்டின கையோடு, "என்னை அப்ப ஒருத்தரும் கேக்கல்லையே, இப்ப கேளுங்க" என்று கதிரையில் ஏறி நின்றாள். கேட்டோம். "ரெண்டு கிழமை யோசிச்சுச் சொல்றன்" என்றாள். இன்றைக்கு அந்த இரண்டு கிழமையும் முடிந்தது. காலையில் பிட்டுக்குச் சீனி போடும்போது, "சரி, சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

2024 ஆகஸ்ட் 5

நேற்று ஆடி அமாவாசை. கணவரின் தகப்பன் இல்லை, அதனால் வருடா வருடம் விரதம். மாமாங்கக் கோயிலுக்குப் போனோம். அமிர்தகழியில் கால் வைக்க இடமில்லை.

எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு அவர் கரையேறும்போது நடுவிலாள் கேட்டாள். "என்னைப் பெத்த அப்பா இரிக்காரா, இல்லையா?"

எங்களுக்குத் தெரியாது. தாயைப் பற்றித் தெரிந்த இரண்டொரு சங்கதியை வயதுக்குத் தக்கபடி அவளிடம் சொல்லியிருக்கிறோம். தகப்பனைப் பற்றி ஒன்றுமே இல்லை. "தெரியாது மகள்" என்றேன்.

"செத்திருந்தா ஆர் அவருக்குத் தண்ணி இறைக்கிற?"

கணவர் ஈர வேட்டியோடு நின்றார். உயிரோடு இருக்கிறவருக்கு இறைத்தால் அது பாவம். இறந்தவருக்கு இறைக்காமல் விட்டால் அதுவும் மனதை அறுக்கும். ஐயர் ஒருவரிடம் கேட்கலாம் என்று நான் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் படியிறங்கினார். ஒன்றும் இறைக்கவில்லை. இரண்டு பேரும் முழங்கால் அளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. போன செப்டெம்பருக்கு முதல் என்றால் கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து விரதச் சோறு படைக்கும்போது அவள் இன்னொரு வாழையிலையை விரித்து, எல்லாக் கறியிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தாள். காகத்துக்கா என்று கேட்டேன். "வீதியால போற ஆருக்காவது" என்றாள். மூத்தவன் அதைக் கொண்டுபோய், பேப்பர் போத்தல் பொறுக்க வருகிற ஐயாவுக்குக் கொடுத்தான். அடுத்த வருடமும் அப்படியே செய்வோம். இருக்கிறவருக்கும் அது சரி, இல்லாதவருக்கும் சரி.

2024 செப்டெம்பர் 16

நேற்றுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்தது. ஆறு மாதமாக வீட்டில் வேறு கதையே இல்லை. அவள் எடுத்த பிள்ளை என்ற நினைப்புக்கூட எங்களுக்கு வரவில்லை, கணக்குப் பிழைக்கிற பிள்ளை என்ற நினைப்புத்தான். இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. வருடத்தில் முந்நூறு நாளும் எங்கள் வீட்டில் சண்டை சப்பாத்துக்கும் டியூஷனுக்கும் மீன் முள்ளுக்கும்தான்.

2024 நவம்பர் 30

கரண்ட் இப்போதுதான் வந்தது. எல்லாரும் சுகம். 26ஆம் திகதி இரவு முற்றத்துத் தண்ணீர் படிக்கு மேல் வந்தது, விடிய முதல் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். அங்கே பெயர் எழுதிக்கொண்டிருந்த தம்பி, "பிள்ளைகள் எத்தனை?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு மாமி உதவி செய்கிற எண்ணத்தில், "ரெண்டு சொந்தப் பிள்ளை, ஒண்டு..." என்று தொடங்கினா. மூத்தவன் குறுக்கே போய், "மூணு. பதினாலு, பத்து, ஏழு. பாய் எத்தினை தருவீங்க?" என்றான்.

மூன்று பாய் கிடைத்தது. ஆறு பேர் படுத்தோம், அந்த மாமியும் சேர்த்து.

2025 பெப்ரவரி 9

வீட்டுப் பங்கு. இதை எழுதுவதா என்று கனநாள் யோசித்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாயின் வீடு மூத்த பெண்ணுக்குப் போகும், தாய் தகப்பன் பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொண்டு விலகுவார்கள். அடுத்த பெண்ணுக்கு அது போகும். நான் இருக்கிற வீடு அம்மா எனக்குத் தந்தது, அவவுக்கு அம்மம்மா தந்த வளவு. இப்போது எங்களுடைய மூத்த பெண் நடுவிலாள். முறைப்படி அவளுக்குத்தான் இந்த வீடு.

தைப்பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், நல்லதுக்குச் சொல்வதாகச் சொல்லிக்கொண்டு, "பெத்த புள்ளைக்கு இதை வைச்சுப்போட்டு மற்றவக்குக் காசாக் குடுங்களன்" என்றார். சட்டத்தைக் கேட்டால், நீதிமன்றக் கட்டளைக்குப் பிறகு எங்கள் சொத்துக்கு அவளும் பெற்ற பிள்ளையைப் போலத்தான். ஆனால் அவரிடம் நான் சட்டம் கதைக்கவில்லை. மாமாவை நினைத்துக்கொண்டேன். இரத்தமே இல்லாத குடிக்காக ஒரு கல்யாணத்தை நிறுத்தினவர்கள் நாங்கள். தடுப்பதற்கு அவர் எங்கள் குடி என்றால், கொடுப்பதற்கும் எங்கள் குடியாக இருக்க வேண்டாமா? அதைத்தான் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

உறுதிப் பத்திரம் எழுதிவிடுவது நல்லது என்று கணவர் சொல்கிறார். இந்த வருடத்துக்குள் எழுதுவோம். கடைக்குட்டிக்குப் பின்வளவில் அத்திவாரம் போடக் காசு சேர்க்கிறோம்.

2025 மே 25

நடுவிலாளுக்கு இப்போது 11. என் போனில் இந்த இழை முழுவதையும் வாசித்துவிட்டாள். நான் குளிக்கப் போயிருந்த நேரம். வெளியே வரும்போது திண்ணையில் உட்கார்ந்து திரும்பவும் மேலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாண வீட்டன்று கற்றுக்கொண்டதாக இவ்வளவு எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடமாக அவளைக் கேட்காமல் அவள் கதையைத்தான் எழுதி வந்திருக்கிறேன். பெயர் போடவில்லைதானே என்று என்னை நானே சமாதானம் செய்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். முழுவதையும் அழித்துவிடட்டுமா என்றும் கேட்டேன்.

ஒரு நாள் எடுத்தாள். பிறகு ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். 2023 அக்டோபர் 18ஆம் திகதிக் குறிப்பை எடுக்க வேண்டும். அது தாயைப் பற்றியது, எடுத்துவிட்டேன். ஆடி அமாவாசைக் குறிப்பு இருக்கலாம், ஆனால் தண்ணீரில் நின்று அப்பாவும் தானும் கதைத்ததை யார் கேட்டாலும் சொல்லமாட்டாளாம். மாமாவின் கதை இருக்கட்டும், அதை அவரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். (கேட்டேன். "இரிக்கட்டும் புள்ள" என்றார்.)

அப்புறம் ஒரு பிழை. சத்தி எடுத்தது கல்லடிப் பாலத்தில் இல்லையாம். அப்பாவிடம் விசாரித்திருக்கிறாள், ஆரையம்பதி தாண்டித்தான். பாலத்தில் அவள் நித்திரையாம்.

எட்டு வருடம் பாலம் என்று சொல்லி ஒரு சொல்லையும் மாற்றவிடாமல் வைத்திருந்தவள், இப்போது மாற்றச் சொல்கிறாள். மேலே நான் எழுதியதைத் திருத்தப் போனேன், அதை அப்படியே விடச் சொன்னாள். கீழே எழுதினால் போதுமாம். எழுதிவிட்டேன்.